முழங்கால் உயரத் தட்டு

"இதை மடிச்சா எவ்வளவு நீளம் வரும், மேடம்?"

மேசைமேல் இருந்த இரண்டு துப்பாக்கிகளையும் மாறி மாறிப் பார்த்தார் அந்த மனிதர். மழமழவென்று மழித்த முகம், பூப்போன்ற குரல். டெக்சாஸில் அந்தச் சிற்றூருக்குப் புதிதாக வந்து, துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த லொரெட்டாவுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

"இது நடுவுல ரெண்டா மடியும் சார். லேப்டாப் பையில அடங்கிடும். ஆனா குறி பார்க்கிற கண்ணாடியை மேல மாட்டினா மடியாது. அந்த இன்னொண்ணுல தோள்ல வைக்கிற பின்கட்டை மட்டும்தான் மடியும். நீளம் கூட, ஆனா கையில ஆடாது. ரெண்டுக்குமே கைத்துப்பாக்கித் தோட்டாதான்."

"எது சத்தமில்லாம விரியும்?"

"திருடனுக்குச் சத்தம் கேட்டா நல்லதுதானே சார்? ஓடிடுவான்."

"வீட்டுக்கு இல்லம்மா. கூட்டம் வர்ற இடம். நான் நிக்கிற இடத்துல முழங்கால் உயரத்துல ஒரு தட்டு இருக்கு. அதுல வெளியே தெரியாம அடங்கணும்."

லொரெட்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எவ்வளவு பேர் வருவாங்க?"

"முந்நூறு பேர். குழந்தைகளையும் சேர்த்து." அவர் வாஞ்சையோடு புன்னகைத்தார். "எல்லாரும் கண்ணை மூடியிருக்கிற நேரம்தான் எனக்குக் கவலை. சட்டுனு எடுக்க வரணும்."

லொரெட்டா இரண்டு துப்பாக்கிகளையும் வாரி மேசைக்கு அடியில் வைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க சார். ரெண்டுமே வித்துப்போச்சு."

"இப்பத்தானே எடுத்துக் காட்டினீங்க?"

அவள் ஒரு கையால் தொலைபேசியைத் துழாவியபடி உள்ளே பார்த்துக் கத்தினாள். "முதலாளி! சீக்கிரம் வாங்க!"

தொந்தி முன்னால் வர, பின்னாலேயே முதலாளி கிளின்ட் வந்தார். வாடிக்கையாளரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"அடடா, பாஸ்டர்! இவ ஊருக்குப் புதுசு, தப்பா நினைக்காதீங்க. ஏம்மா, ஜெபம் பண்றப்ப எவனாவது சுட வந்தா என்ன பண்றது? நம்ம சர்ச் பிரசங்க மேடைத் தட்டுக்கு ரெண்டா மடியுறதுதான் தோது. எடு, எடு!"

லொரெட்டாவுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. வெட்கத்தோடு துப்பாக்கியை எடுத்து நீட்டினாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன், பாஸ்டர். எதைப் பத்திப் பேசப்போறீங்க?" என்று கேட்டாள்.

பாஸ்டர் அதைச் சத்தமில்லாமல் விரித்து, ஒரு கண்ணை மூடி, சுவரில் இருந்த மான் தலையைக் குறிபார்த்தார்.

"பகைவனை நேசிக்கிறது எப்படின்னு."