மரத்துக்கு மரம் நிற்கும் வண்டி

"பட்டனைத் தட்டினாப் போதுமா?" என்று வெண்டல் மறுபடியும் கேட்டார்.

கடைக்காரர் லெஸ்டர் சலிக்காமல் மறுபடியும் சொன்னார். பனிமேல் ஓடும் அந்த மோட்டார் வண்டியின் ஹேண்டில்பாரிலேயே பட்டன். ஒரு தட்டுத் தட்டினால் ஷாக் அப்சர்பர் மெத்தையாகிவிடும், இன்னொரு தட்டுக்கு இறுகிவிடும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கலாம். இறங்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம்.

"தட்டும்போது சத்தம் வருமா?"

"மூச்சு விடாது. ஆனா விலை கொஞ்சம் கடிக்கும்."

சுப்பீரியர் ஏரிக்கரையில் பனி கரைந்து சேறாகும் ஏப்ரலில்தான் அடுத்த பனிக்காலத்து வண்டிக்குச் சொல்லி வைப்பார்கள். அன்றைக்கு அதற்குக் கடைசி நாள். சொன்னால் சொன்னதுதான், அப்புறம் மாற்ற முடியாது.

காப்பிக் கோப்பையோடு நின்றிருந்த சனிக்கிழமைக் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஏன் பார்க்காது? காட்டுப் பாதையில் இவர்கள் வரிசையாகப் போகும்போது, எதிரே வருகிறவர்களுக்கு முதல் வண்டிக்காரர் பின்னால் இன்னும் எத்தனை வண்டி என்று விரல் காட்டுவார். கடைசி ஆள் முஷ்டியை மூடிக் காட்ட வேண்டும், இதோடு முடிந்தது என்று. ரெண்டு பனிக்காலமாக அந்த முஷ்டி வெண்டலுடையதுதான்.

பாதை மேடும் பள்ளமுமாக ஆரம்பித்தால் போதும், மனுஷர் ஓரங்கட்டிவிடுவார். வயசாச்சு, அடக்க முடியலை என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்பக்கம் போவார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை. மற்றவர்கள் அடுத்த திருப்பத்தில் கை காலை உதறிக்கொண்டு காத்திருப்பார்கள்.

"இதெல்லாம் பாய்ஞ்சு போற பசங்களுக்குடா" என்றார் லெஸ்டர். அவரும் வெண்டலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். "உனக்கு எதுக்கு? பேசாம உன் வண்டியில ஒரு கக்கூஸ் வச்சுத் தரேன். மரங்களாவது பிழைக்கும்."

கடையே சிரித்தது. வெண்டலும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற மார்லீன்?"

மார்லீன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஆமைக்கு லாடம் எதுக்கு? சாதாரணமே போதும்."

வெண்டல் தன் விரல்களைப் பார்த்தார். அவற்றைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சரி லெஸ்டர். சாதாரணமே எழுதிக்கோ."

அவர்கள் வெளியே போனதும் கூட்டம் மார்லீனை ஒரு பிடி பிடித்தது. கிழவன் வாழ்க்கையில் ஆசைப்பட்டு ஒன்று கேட்டான், அதையும் வெட்டிவிட்டாள் என்றார்கள். சனிக்கிழமை முழுக்க அவன் வண்டியிலேயே பின்னால் சொகுசாக உட்கார்ந்து வருவாளாம், அவனுக்கென்று ஒன்று வாங்க மனசு வராதாம். லெஸ்டரும் தலையாட்டினார். பேசி முடித்து ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மார்லீன் மட்டும் வந்தாள். வெளியே வெண்டலின் பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

"கையுறையை விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சீக்கிரம். அந்தப் பட்டன் வச்சதையே போட்டுடு."

லெஸ்டர் விழித்தார். "இப்பதானே வேண்டாம்னே?"

"அவர் கேட்ட எதுக்காவது நான் உடனே சரின்னு சொல்லி நீ பார்த்திருக்கியா? இன்னைக்குச் சொன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும். வண்டி வந்ததும், கம்பெனியில மாத்தி அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. கூட ஆகிறதை நான் கொடுத்துடறேன்."

"என்ன சந்தேகம்?"

மார்லீன் ஜன்னல் வழியாக பிக்கப்பைப் பார்த்தபடியே சொன்னாள். முந்தின வருஷம் முதல் பனியிலேயே சர்ச் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடுப்பில் வலி. வண்டி தூக்கிப் போட்டால் உயிர் போகும். யாரிடமும் சொல்லவில்லை.

"வெண்டல்கிட்டயுமா?"

"நான் சொன்னா அவர் வண்டியை வித்துடுவார். அவர் கேட்டா நான் வீட்லயே இருந்துடுவேன். அதனால அவரும் கேட்கிறதில்ல, நானும் சொல்றதில்ல. ரெண்டு பேருக்கும் சனிக்கிழமை வேணும்."

மேடுபள்ளம் வந்தால் அவர் நிறுத்துவது அதற்காகத்தான் என்றாள். அது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றி, முட்டி போட்டு, வண்டிக்கு அடியில் கையை விட்டு ஷாக் அப்சர்பர் திருகைத் தளர்த்துவார். திரும்ப வந்து ஏறினால் வண்டி மெத்தென்று போகும். பாதை சமமானதும் மறுபடி நிறுத்தி இறுக்குவார். இல்லாவிட்டால் வேகமெடுக்கும்போது ரெண்டு பேர் கனத்துக்கு வண்டியின் அடி தட்டும்.

"விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு லெஸ்டர். நீங்க சிரிக்கிறீங்க. அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்."

லெஸ்டருக்குத் தான் அடித்த கக்கூஸ் கேலி ஞாபகம் வந்தது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவன் உன்கிட்டயும் ஒண்ணுக்குன்னுதானே சொல்றான். நீ திரும்பிப் பார்த்துட்டியா?"

"சேச்சே, திரும்பினதே இல்ல. கிளம்பும்போது மட்டும் கீழ ஒரு பார்வை பார்ப்பேன்."

மார்லீன் தன் பைக்குள்ளிருந்தே கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இத்தனை தடவை நிறுத்தியிருக்காரே, ஒரு தடவையாவது பனி மஞ்சளாகியிருக்க வேண்டாமா?"