இரண்டரை மாத்திரை

"யார் எழுதியது, யார் கொப்பியடித்தது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் பேராசிரியர் பேர்ணடெற்.

மேசையில் இரண்டு விடைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று அட்சயாவுடையது. மற்றது விதுர்சனுடையது. இருவருக்கும் ரூஜ் பகுதியில் ஒரே வீடு. அவள் அந்த வீட்டுப் பிள்ளை. அவன் அவளின் தகப்பன் வழியில் தூரத்துச் சொந்தம். மட்டக்களப்பிலிருந்து இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இருக்கிறான்.

கணக்கு சின்னதுதான். நோயாளியின் எடைக்கு எத்தனை மாத்திரை என்று ஹஸ்கல் என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். விடையை முழு எண்ணாக்க அந்த மொழியிலேயே ஒரு கட்டளை உண்டு. வகுப்பு முழுக்க அதைத்தான் போட்டது; விடை பிழையாய்ப் போனது. இந்த இரண்டு பேர் மட்டும் அதைத் தொடாமல் சொந்தமாக ஒன்றை எழுதியிருந்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி.

வகுப்பே சேர்ந்து ஒரே பிழையை விட்டால் ஒருவரும் கேட்பதில்லை. இரண்டு பேர் ஒரே மாதிரிச் சரியாகச் செய்தால்தான் விசாரணை.

"விதுர்சன், மொழியில் இருக்கிற கட்டளையை ஏன் பாவிக்கவில்லை?"

அவனுக்கு இந்தப் பாடம் போனால் படிப்பு இன்னொரு வருசம் இழுக்கும். கையில் இருக்கிற படிப்பு பெர்மிற் அதுவரைக்கும் வராது. பிறகு ஊருக்குப் பிளேன்தான்.

"தெரியாது, புரொபசர்" என்றான். "அட்சயா அப்பிடி எழுதியிருந்தா. நான் பாத்து எழுதினன்."

அட்சயாவுக்காக வாதாட மாணவர் சங்கத்திலிருந்து வந்திருந்த அனோஜா கதிரையில் நிமிர்ந்தாள். வரும்போதே அவளுக்குக் கொதி. உழைக்கிறது ஒருத்தி, தூக்கிக்கொண்டு போறது இன்னொருத்தன் என்பதில் தொடங்கி, சொல்ல வேண்டியதை எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை.

"அட்சயா, நீங்கள் சொல்லுங்கள். ஏன்?"

"அந்த மொழியில அரை வந்தால் இரட்டை எண் பக்கம்தான் போகும். மூன்றரை நாலாகும். ஆனால் இரண்டரை மூன்றாகாது, இரண்டாகும். நோயாளிக்கு மருந்து குறைஞ்சிடும். அதோட தசமத்தை நம்பேலாது. அதுதான் பின்னமாக்கி, அரையைக் கூட்டி, கீழ இருக்கிற முழு எண்ணை எடுத்தனான்."

மூச்சு விடாமல் சொன்னாள். பேராசிரியர் தலையாட்டினார்.

"நல்லது. ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். கழித்தல் இரண்டரையைக் கொடுத்தால் உங்கள் முறை என்ன தரும்?"

அட்சயா வாயைத் திறந்தாள்.

"நான்தான் ஒத்துக்கொண்டிட்டனே" என்று விதுர்சன் இடையில் விழுந்தான். "பிறகேன் அவவைப் போட்டுக் குடையிறீங்கள்? எழுதுறதை எழுதி முடியுங்கோ."

பேராசிரியரின் முகம் இறுகியது. பேனையை எடுத்தார். பாடத்தில் பெயில், காரணம் களவு.

"கொஞ்சமாவது வருத்தப்பட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன்" என்றார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த யோகமலர், அட்சயாவின் தாய், செய்தி கேட்டு எழும்பினாள்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்திட்டியேடா." போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ர பிள்ளை கண் முழிச்சு எழுதினதைக் களவெடுக்க உனக்கு எப்பிடியடா மனம் வந்தது?"

விதுர்சன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்கள் உள்ளுக்கு வந்து பாத்திருக்கோணும் அன்ரி" என்றாள் அனோஜா. "ஒரு சொறிகூடக் கேக்கேல்லை. புரொபசரோட சண்டைக்குப் போறான். நான் கேக்கிறன், உவனை இன்னும் வீட்டில வைச்சிருக்கப் போறீங்களே?"

"என்ன செய்யிறது பிள்ளை. தாய் தேப்பன் இல்லாத பொடியன். றோட்டில விடேலுமே?"

"எங்கட அம்மாவெண்டால் உடுப்பை மூட்டை கட்டி வெளியில வைச்சிருப்பா."

"பழி பாவத்துக்குப் பயந்த சனம் நாங்கள். அவன் செய்ததுக்கு நாங்களும் அப்பிடிச் செய்யிறதே?"

அனோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாதம் என்று வந்தால் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதவள், யோகமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கட மனசு ஆருக்கும் வராது அன்ரி." பிறகு விதுர்சனிடம் திரும்பினாள். "நீ இந்த மனுசியின்ர காலைக் கழுவிக் குடிக்கோணும். விளங்குதோ?"

"ஓம்" என்றான் அவன்.

அட்சயா காரில் முன்னால் ஏறி, போனை எடுத்துக்கொண்டாள். விதுர்சன் பின்னால் ஏறினான். யோகமலர் காரை எடுத்து, ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். கார் கம்பஸ் வாசலைத் தாண்டியது.

"பசிக்குதே தம்பி?" யோகமலரின் குரல் இறங்கியிருந்தது.

"இல்லை அன்ரி."

"யோசிக்காதை. எங்களோட இருக்கிற வரைக்கும் உனக்குச் சாப்பாடு இருக்கு."

"ஓம் அன்ரி."

சிவப்பு லைற்றில் கார் நின்றது. யோகமலர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை அடுத்த அசைன்மென்ற் குடுக்கோணுமாம். உனக்கெண்டு எழுத இனி ஒண்டும் இல்லைத்தானே. இவளின்ரையை மட்டும் வடிவா எழுதிக் குடு."