கூடுதல் டியூட்டி

"இன்னிக்கும் டியூட்டி ஜாஸ்தியா?" என்று கேட்டுக்கொண்டே ஜவஹரின் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கினாள் சந்திரிகா. அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினான்.

வழக்கமாக அவன் வந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மனைவி வருவாள். தி.நகர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு, காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் வந்தது, நாற்காலியும் வந்தது. உட்காரத்தான் நேரம் வரவில்லை.

இன்று அவள் முன்னாலேயே வந்து சேமியா பாயசம் வேறு வைத்திருந்தாள்.

அவன் மொட்டை மாடிகளில் சோலார் பேனல் பொருத்துகிறவன். ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி, ஏழெட்டுப் பேர்தான். மூன்று வாரத்துக்கு முன்னால், ஏப்ரல் ஒன்றாம் தேதி, முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தான்.

"டியூட்டி ஒரேயடியா ஏறிடுச்சு, சந்திரிகா. மொதலாளி கைய விரிச்சுட்டாரு" என்றான்.

ஏமாற்றுகிறானோ என்று முதலில் தேதியைப் பார்த்தாள். பிறகு, அதிக டியூட்டிக்கு அதிக சம்பளம் உண்டுதானே என்று கேட்டாள். அவன் அவளைத் திருத்தாமல் குளிக்கப் போனான். அதுதான் அவன் செய்த தப்பு. மறுநாள் காலைக்குள் தெரு முழுக்க அவனுக்கு டியூட்டி கூடிவிட்டது.

அதன் பிறகு இரண்டு தடவை பேச உட்கார்ந்தான். இரண்டு தடவையும் அவள் பக்கெட் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்காலில் முறுக்கிக்கொண்டு நின்ற நரம்பைப் பார்த்ததும், வெந்நீர் போதுமா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டான்.

ஒன்றுதான் சந்திரிகாவுக்கு வேடிக்கையாக இருந்தது. வெயிலில் நின்று வருகிறவனின் சட்டை முதுகில் எப்போதும் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். மூன்று வாரமாக, போட்டுக்கொண்டு போன சட்டை அப்படியே திரும்பி வந்தது. ஆபீசுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள், சொல்லக் கூச்சப்படுகிறான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

பாயசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் தூக்கி எதிர் ஸ்டூலில் வைத்தாள். அவள் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

"காலு காட்டுனேனே, அந்த டாக்டரம்மா போன மாசமே சொல்லிச்சு. நின்னுகினு பாக்குற வேலைய விடு, இல்லாங்காட்டி காலு புண்ணாயிடும்னு."

"சரி."

"இன்னிக்கு வேலைய வுடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். மத்தியானமே என் எடத்துக்கு வேற பொண்ணு வந்துட்சு. பதினோரு வருசம் நின்னது போதும்யா."

டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், அவனால் முடியவில்லை.

"இன்னாய்யா முழிக்கிற? உனுக்குத்தான் டியூட்டி ஏறிடுச்சே, அந்தத் தைரியத்துலதான் வுட்டேன்."

கடைக்குப் போய்க் கேட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று ஒரு கணம் யோசித்தான். எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியே எடுத்துக்கொண்டாலும், அந்தக் காலோடு அவளை எந்த வாயால் போகச் சொல்வது? இனிமேல் மறைத்தும் பயனில்லை.

"கம்பெனிய மூடி மூணு வாரம் ஆவுது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "பேனல் வெல எகிறிப்போயி, ஆர்டர் குடுத்தவங்க எல்லாம் வாணாம்னுட்டாங்க. நான் டெய்லி பார்க்குல குந்திகினு வரேன்."

சந்திரிகா ஸ்டூலிலிருந்து காலை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"டியூட்டி ஏறிடுச்சுன்னு நீதானே சொன்ன?"

"ஏறிச்சு. எனுக்கு இல்ல, கப்பல்ல வர்ற பேனலுக்கு கஸ்டம்ஸ்ல போடுற டியூட்டி."