கைராசிக்காரர்

மூச்சிரைத்தபடி வந்த பொற்கொடிக்குத் தம்பி கதிரேசன் வழியெல்லாம் பாடம் நடத்தினான். "பழைய டாக்டருங்க பேச்சையே எடுக்காதக்கா. இவரு கைராசிக்காரரு. நாடி பிடிச்சாலே பாதி நோவு போயிடும்."

டாக்டர் அறையில் பழைய வைத்தியம் எதையும் சொல்லாமல் உட்கார்ந்தாள். டாக்டர் சிரித்த முகத்தோடு கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள். அதற்குள் அவர் கண் கணினித் திரைக்குப் போனது. அவள் மறைத்த அத்தனை வைத்தியமும் அங்கே வரிசையாக ஓடியது. அவர் தன் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"இப்ப எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே கம்ப்யூட்டர்தாம்மா. சேத்துக்கிட்டவங்க எத்தன பேர் பொழச்சாங்கன்னு பாத்துத்தான் எங்களுக்குப் பணம். வேற எங்கயாவது பாருங்களேன்."

"தொட்டாவது பாருங்க சார்."

"தொட்டா எங்க கணக்குல ஏறிடுவீங்கம்மா."

வெளியே வந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அவள் மனசுக்குள்தான் நினைத்தாள், தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. கைப்பேசி அடித்தது.

"பொற்கொடியம்மாங்களா?" அந்தப் பெண்குரல் அத்தனை இதமாக இருந்தது. "ஆத்துக்கு இந்தப் பக்கம் எங்க ஆஸ்பத்திரிக்கு வரலாம்னு இருக்கீங்கல்ல? சிரமப்பட வேண்டாம்மா."