சுதேஷ்ணா மிஸ்ஸின் பை

எட்டுப் பைகளில் ஒன்றில் மட்டும் பூ இல்லை. கண்ணாடி வளையல் இல்லை, மஞ்சள் குங்குமமும் இல்லை. தட்டையும் தேங்காய் பர்ஃபியும் மட்டும் கிடந்தன.

பையில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்ததும் ஜலஜாவுக்குச் சுருக்கென்றது. சுதேஷ்ணா மிஸ்.

கொல்கத்தாவில் மகள் மாதங்கி படிக்கும் டாக்குரியா பள்ளிக்கூடத்தில் இன்று ஆசிரியர் தினம். மற்ற அம்மாக்கள் வருஷா வருஷம் பேனாவும் பீங்கான் கோப்பையுமாகக் கொடுத்து மிஸ்களின் வீட்டு அலமாரியை நிரப்பியாயிற்று. இந்தத் தடவை ஜலஜா வாட்ஸப் குரூப்பில் மல்லுக்கு நின்றாள். ஒரு பெண்ணைக் கௌரவிக்க எங்க ஊரில் ஒரு முறை இருக்கிறது, எல்லாவற்றையும் நானே செய்கிறேன், நீங்கள் வந்து வேடிக்கை பார்த்தால் போதும் என்று எழுதிவிட்டாள். விடிந்ததும் விடியாததுமாக லேக் மார்க்கெட்டுக்கு ஓடி, எட்டுப் பேருக்கும் மல்லிகைச் சரம் வாங்கி வந்திருந்தாள்.

உண்மையைச் சொன்னால், ஏழு பைகள் சும்மா சாக்கு. எல்லாமே சுதேஷ்ணா மிஸ்ஸுக்காகத்தான். பின்னக் கணக்கைக் கண்டாலே அழுத மாதங்கியை, மூன்று மாசம் தன் டிபன் நேரத்தைத் தியாகம் பண்ணி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். போன ஜனவரியில் கணவரைப் பறிகொடுத்தவர். பதினைந்தாம் நாளே வகுப்புக்கு வந்து நின்றவர். அவர் பையிலா பூ இல்லை?

ஜலஜா குளிக்கப் போனபோது பைகளை அடுக்கியது நாத்தனார் மீனாக்ஷி. பத்து வருஷத்துக்கு முன் திருச்சியில் கணவர் தவறியதும், தம்பி ஸ்ரீநிவாஸோடு இருக்கட்டும் என்று கொல்கத்தாவுக்கு வந்தவள். நேற்று முழுக்க அடுப்பு முன்னால் நின்று தட்டை சுட்டதும் அவள்தான்.

யார் எடுத்தது என்று ஜலஜா கேட்டதற்கு அவள் மழுப்பவில்லை.

"நான்தான் எடுத்தேன் ஜலஜா. அவங்களுக்குத்தான் வீட்டுக்காரர் இல்லையே. நாலு பேர் முன்னாடி நீ பூவைக் குடுத்து, அவங்க மனசு சங்கடப்பட்டா?"

ஜலஜாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"வேற யாராவது செஞ்சிருந்தா விட்டிருப்பேன். நீங்களே செய்யலாமாக்கா? அந்த வலி உங்களுக்குத் தெரியாதா?"

ஸ்ரீநிவாஸ் ஆபீஸ் பையோடு நழுவப் பார்த்தவன், எதுக்கு வம்பு, அந்த ஒருத்தருக்கு மட்டும் ஒரு புடவை வாங்கிக் கொடுத்துவிடேன் என்றான். ஜலஜா முறைத்த முறைப்பில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மீனாக்ஷி அலமாரியில் எடுத்து வைத்திருந்த பூவையும் வளையலையும் குங்குமத்தையும் எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள் ஜலஜா. யார் என்ன சொல்கிறார்கள் பார்த்துவிடலாம் என்று ஆட்டோ ஏறினாள்.

ஸ்டாஃப் ரூமில் ஏழு மிஸ்களும் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எட்டாவது பையை நீட்டியபோது கசமுசா அடங்கிப்போனது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா ஜலஜாவின் முழங்கையை இடித்து, பூவை மட்டும் எடுத்துவிடு என்று பெங்காலியில் முணுமுணுத்தாள். ஜலஜா அவள் பக்கம் திரும்பவேயில்லை. பூவைத் தானே வெளியில் எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினாள்.

சுதேஷ்ணா மிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கா என்று கேட்டார்.

உங்களுக்குத்தான் என்றாள் ஜலஜா, தனக்குத் தெரிந்த அரைகுறை பெங்காலியில். நீட்டிய கை இறங்கவில்லை.

மிஸ் மெதுவாகத் திரும்பி நின்றார். பின்னலைக் காட்டி, எனக்கு வைக்கத் தெரியாது, நீங்களே வைத்துவிடுங்கள் என்றார். ஜலஜா வைத்துவிட்டாள். முழங்கையை இடித்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஜலஜாவின் கால் தரையில் பாவவில்லை. ஊரையே எதிர்த்து ஜெயித்த மிதப்பு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

மீனாக்ஷியின் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"வெச்சுக்கிட்டாங்களா? நெசமாவா? அழலியே?"

"சிரிச்சாங்கக்கா. அழகா இருந்தாங்க."

"நல்லா இருக்கட்டும். நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். ஜெயித்த வாய் சும்மா இருக்குமா? இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள், நம் வீட்டிலேயே இப்படி ஒரு எண்ணம் இருந்தால் மாதங்கி என்னத்தைக் கற்றுக்கொள்வாள் என்று ஒரு மூச்சு பிரசங்கம் பண்ணினாள் ஜலஜா.

"பூ குடுத்தா சங்கடப்படுவாங்கன்னு உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்கக்கா?"

மீனாக்ஷி ஜலஜாவை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை.

"நீதாம்மா. பத்து வருஷமா வெள்ளிக்கிழமையானா மாதங்கிக்கு, மாடி வீட்டு பெங்காலி அம்மாவுக்கு, பாத்திரம் தேய்க்க வர்ற பொண்ணுக்குன்னு எல்லாருக்கும் பூ கிள்ளிக் குடுப்பே. என்கிட்ட வந்ததும் கையை மடக்கிக்கிட்டுத் தாண்டிப் போயிடுவே. என் மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் அப்படிச் செய்யறேன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."