கலங்கல் தண்ணீருக்கு ஒரு நிறம்

சவரியம்மாள் கடை மேசைமேல் பாட்டிலை வைத்தாள். உள்ளே செம்மண்ணைக் கரைத்ததுபோல் தண்ணீர்.

"முகத்துவாரத்துல மொண்டது, பாய். இந்தத் தண்ணியில எந்தக் கலரு நல்லாத் தெரியும்?"

கடலூர் முதுநகரில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்த நஸ்ருதீனுக்குச் சிரிப்பு வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் இந்தத் தெருவுக்கு மீன் விற்க வருகிறவள் அவள்.

"கூடைய எறக்கி வெச்சுட்டு நீங்களே தூண்டில் போடக் கெளம்பிட்டீங்களா?"

"வெளையாடாதீங்க பாய். நாளைக்கு விடியறதுக்குள்ள வேணும்."

அவள் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள். பெரிய கொடுவா மீன் எதையோ பார்த்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் நஸ்ருதீன். தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, தூண்டிலில் இரைக்குப் பதிலாக மாட்டும் பிளாஸ்டிக் மீன்களான லூர்களை நூலில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். இந்த வேலை என்றால் அவருக்கு உயிர். கலர் கேட்டுச் சிதம்பரத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

வெள்ளி நிறம் மங்கியது. "இது தெளிஞ்ச தண்ணிக்குத்தான் ஆவும்." சிவப்பு கறுத்துப்போனது. அடுத்து நீலத்தை எடுத்தார்.

"அது வேணாம்!" அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போன ஐப்பசியில நீலந்தான். மூணு நாளு தேடுனோம். கண்ணுலயே படல."

"ஒரு லூருக்கு மூணு நாளா? போனா போவுது, வேற வாங்கிக்கலாம்."

அவள் நீலத்தை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

கடைசியாக இறங்கியது எலுமிச்சை மஞ்சள். சேற்றுக்குள் விளக்கு ஏற்றியதுபோல் நின்றது.

"மேலேர்ந்து பாத்தாலும் தெரியுமா?"

"நீங்க எதுக்குப் பாக்கணும்? மீன் பாத்தாப் போதும்."

"சொல்லுங்க பாய். அலை அடிச்சாலும் தெரியுமா?"

"தெரியும்மா. இந்தத் தண்ணிக்கு இதவிட்டா வேற கலரே கெடையாது."

அவர் லூரைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றப்போனார். அவள் அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்து, மனப்பாடம் பண்ணுவதுபோல் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"லூர் வேணாம், பாய். இதே கலர்ல சட்டை எங்க கெடைக்கும்?"

"சட்டையா?"

"பெரியவன் நீலச் சட்டையிலதான் கடலுக்குப் போனான். நாளைக்குச் சின்னவன் போறான்."