மழையில் வந்த வேட்பாளர்

வட கரோலினாவில் அக்டோபர் மழை ஓயாமல் தூறுகிறது. வாசல் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், இடைக்காலத் தேர்தலில் நிற்கும் பள்ளி ஆசிரியை லோரெய்ன் பெட்வே நனைந்த துண்டறிக்கையை நீட்டுகிறாள். கதவைத் திறந்த லாரி மெக்கானிக் வெர்னனின் கையில் பாதி கடித்த சோள ரொட்டி. மாநிலத்தை ஆளும் கட்சி தொகுதி எல்லையைப் புதிதாக வரைந்தபோது, கறுப்பர்கள் வாழும் இந்தத் தெருக்களைத் துண்டுபோட்டுத் தன் கோட்டைகளோடு ஒட்டிவிட்டது. அதிலிருந்து அவன் ஓட்டுப்போடப் போனதே இல்லை. “தலைகீழா நின்னாலும் ஜெயிக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா, டீச்சர்?” “தெரியுமே,” என்று சிரிக்கிறாள். மூக்குக்கண்ணாடியில் மழைநீர் வழிகிறது. “நான் நிக்கலேன்னா அவங்க கட்சி ஆளு போட்டியே இல்லாம ஜெயிச்சிட்டுப் போவான். நாம இங்க இத்தனை பேரு இருக்கோம்னு எண்ணியாவது பாக்கட்டும் அண்ணே.” படியிறங்கும்போது அவள் காலணிக்குள் தண்ணீர் சளக் சளக்கென்கிறது. அந்த நடையை வெர்னன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். இத்தனை வருஷமாகக் கோபத்தோடு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது முதன்முறையாக அவனை உறுத்துகிறது. ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு குடையை எடுக்கிறான். “டீச்சர், நில்லுங்க! அடுத்த வீட்டு நாய் பொல்லாதது. நானும் வரேன்.”